நான்கு நாளில் ஸ்கூபா சான்றிதழ்: ஹேவ்லாக் போகிறவர்களுக்கு ஓர் அறிமுகம்

அந்தமானுக்குச் சுற்றுலா போய்வந்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஹேவ்லாக் தீவில் கடலுக்குள் இறங்கிய படம் ஒன்றைக் காட்டுவார். முகத்தில் மாஸ்க், வாயில் குழாய், பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள், முதுகுக்குப் பின்னால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும் பயிற்றுநரின் கை. முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவதுதான் ஸ்கூபா டைவ். அந்தக் கை இருக்கும்வரை அது ‘டிரை டைவ்’, அதாவது ஒருமுறை முயன்று பார்ப்பது. அந்தக் கை இல்லாமல், உங்களைப் போன்ற இன்னொருவருடன் சேர்ந்து, நீங்களே பத்திரமாக இறங்கி ஏறக் கற்றுக்கொள்வதுதான் சான்றிதழ்ப் படிப்பு.

டிரை டைவுக்கு நீச்சல்கூடத் தெரிய வேண்டியதில்லை. கொஞ்ச நேர விளக்கம், இடுப்பளவு நீரில் சிறிது பழக்கம், அப்புறம் பயிற்றுநர் உங்களைப் பிடித்தபடியே அழைத்துப் போவார். ஆழம், மிதப்பு, காற்றின் இருப்பு எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. கடலின் அடியை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவருக்கு அது அருமையான வாய்ப்பு. ஆனால் முடிவில் கையில் தரும் காகிதம் ஒரு நினைவுப் பொருள் மட்டுமே. அதைக் காட்டி அடுத்த ஊரில் டைவ் செய்ய முடியாது.

எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் சான்றிதழ் அட்டையைத் தருபவை தனியார் பயிற்சி அமைப்புகள். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய பி.ஏ.டி.ஐ., 1970-இல் வந்த எஸ்.எஸ்.ஐ. ஆகிய இரண்டின் பெயர்ப்பலகையைத்தான் இந்தியாவில் அதிகம் பார்ப்பீர்கள். இரண்டின் தொடக்கப் பாடமும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றில் வாங்கிய அட்டையை மற்றொன்றின் டைவ் கடைகளும், அதாவது பயிற்சி நடத்தும் நிலையங்களும், ஏற்றுக்கொள்ளும். இவற்றில் எது உசத்தி என்று இணையத்தில் நடக்கும் சண்டையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். உங்களுக்கு யார் சொல்லித் தருகிறார் என்பதுதான் முக்கியம்.

தொடக்க நிலையில் இரண்டு படிகள் உண்டு. முதல் படி ‘ஸ்கூபா டைவர்’. இரண்டு நாளில் முடியும். கடலில் இரண்டு டைவ், 12 மீட்டர் எல்லை. ஆனால் அட்டை கிடைத்த பிறகும் எப்போதும் ஒரு தொழில்முறை டைவருடன்தான் இறங்க வேண்டும். இரண்டாவது ‘ஓப்பன் வாட்டர் டைவர்’. மூன்று அல்லது நான்கு நாள், கடலில் நான்கு டைவ், 18 மீட்டர் எல்லை. இதை முடித்தவர் இதே அட்டை வைத்திருக்கும் இன்னொருவருடன் சேர்ந்து, தான் பழகிய மாதிரியான கடல் சூழலில், பயிற்றுநர் இல்லாமலே டைவ் செய்யலாம். 10 வயது ஆன பிள்ளைகளும் ஜூனியர் என்ற பெயரில் படிக்கலாம். ஆனால் அவர்கள் பெரியவர்களுடன்தான் இறங்க வேண்டும்.

கையில் இரண்டே நாள் இருந்தால் ‘ஸ்கூபா டைவர்’ படிப்பது நல்ல முடிவு. பிறகு எப்போதாவது மீதியை முடித்து மேல்படிக்குப் போகலாம். நான்கு நாள் பாடத்தை இரண்டரை நாளில் அள்ளித் திணித்து முழு அட்டை தருகிறேன் என்று சொல்லும் கடையைவிட இது எவ்வளவோ மேல். ஏன் என்று புரிய, படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று பார்ப்போம்.

சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்று

நம் செய்தித்தாள்கள் எழுதுவதுபோல அது ஆக்ஸிஜன் சிலிண்டர் அல்ல. நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்றை வடிகட்டி, அமுக்கி அடைத்தது. ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். தூய ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சாகி வலிப்பை வரவழைக்கலாம். ஹேவ்லாக்கில் அதிகம் புழங்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்றை அடைக்கிறார்கள். அவ்வளவு அழுத்தத்தை நேரே வாயில் வாங்க முடியாது. நீங்கள் இருக்கும் ஆழத்தில் நீர் எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அழுத்தத்துக்குக் காற்றைக் குறைத்து, நீங்கள் இழுக்கும்போது மட்டும் தருகிற கருவிதான் ரெகுலேட்டர். 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமீல் காக்னானும் சேர்ந்து இதைச் செய்யக்கூடிய கருவியை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் சாதாரண மனிதர்களால் கப்பலோடு குழாய் இணைப்பு இல்லாமல் கடலுக்கடியில் உலவ முடிந்தது.

இதில் ‘அதே அழுத்தம்’ என்ற சொல்லில்தான் படிப்பின் பாதி அடங்கியிருக்கிறது. கடல்மட்டத்தில் நம் மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு வளிமண்டலம் கூடுகிறது. 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று. காற்று அடைத்து மூடிய பலூன் ஒன்றை 10 மீட்டருக்குக் கொண்டுபோனால் பாதியாகச் சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்கு விரியும். ஆனால் அதே பலூனை 10 மீட்டர் ஆழத்தில் வைத்து முழுசாக ஊதிக் கட்டி மேலே விட்டால்? வருகிற வழியில் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், வெடித்துவிடும்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்தவர்களையும் சங்கு குளித்தவர்களையும் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே போய்வந்தார்கள்? ஆமாம். அவர்கள் மேலே இழுத்த மூச்சு கீழே சுருங்கியது, திரும்பி வரும்போது பழைய அளவுக்கு விரிந்தது. நுரையீரலில் முதலில் இருந்ததைவிட ஒரு துளிக் காற்றும் கூடவில்லை. ஸ்கூபா டைவர் அப்படி அல்ல. அவர் கீழே இருந்துகொண்டே அமுங்கிய காற்றால் நுரையீரலை நிரப்பிக்கொள்கிறார். அந்த நிலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலேறினால், இரண்டாவது பலூனின் கதைதான். நுரையீரல் கிழியக்கூடும், காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகக்கூடும். இதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை. ஆளுயரத் தண்ணீரே போதும்.

அதனால்தான் முதல் நாள் முதல் வகுப்பில் எல்லாப் பயிற்றுநரும் ஒரே விதியில் தொடங்குகிறார்கள்: ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதே. ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்திலும் சின்னச் சின்னக் குமிழாக விட்டுக்கொண்டே இரு. நீச்சல் தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம். தண்ணீருக்குள் மூச்சை அடக்குவது அவர்கள் உடம்பில் ஊறிய பழக்கம். அதை மாற்ற நேரம் வேண்டும்.

அழுத்தம் இன்னொரு வேலையும் செய்கிறது. 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றைத் தின்னும். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 40 லிட்டர் இழுப்பார். கடைசி 50 பாரைத் தொடக் கூடாது என்பது பொதுவான பழக்கம். அது போக மீதி 1,650 லிட்டர், கணக்குப்படி நாற்பது நிமிடம் வரும். முதல்முறை இறங்குபவர் பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்குவதால் அரைமணி நேரத்திலேயே முடித்துவிடுவார். பக்கத்தில் பயிற்றுநரின் காற்றளவி பாதிக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மூச்சு நிதானமானால் காற்றும் நிற்கும்.

காதும் நைட்ரஜனும்

தொடக்கத்தில் பலரைத் திருப்பி அனுப்புவது சுறாமீன் பயம் அல்ல, காதுவலி. செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் காற்றறையும் இறங்க இறங்கச் சுருங்கும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து காற்று போய் அதைச் சமன்செய்யும். விமானத்தில் காது அடைத்தால் செய்வோமே, அதேதான். ஒவ்வொரு மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். வலி வந்த பிறகு அழுத்தி ஊதினால் காதுக்குத்தான் கேடு. வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மருந்தின் வேகம் கடலுக்கடியில் தீர்ந்தால் மேலேறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

நைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாத கணக்கு. ஆழத்தில் இருக்கும் நேரமெல்லாம் அது நம் உடல் திசுக்களில் கரைந்துகொண்டே இருக்கிறது. மெதுவாக மேலேறினால் அது நுரையீரல் வழியாகச் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். வேகமாக ஏறினால் சோடா மூடியைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழாகும். மூட்டுவலி, மரத்துப்போதல், மோசமானால் பக்கவாதம். அதனால்தான் ஆழத்துக்கு ஏற்ப நேர வரம்பு, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் கையில், நிதானமான ஏற்றம், 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம். நிறைய கம்ப்யூட்டர்கள் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறினாலே எச்சரிக்கும். ஏதாவது ஆகிவிட்டால், அழுத்தத்தைக் கூட்டி மெதுவாகக் குறைக்கும் அழுத்த அறைச் சிகிச்சைக்கு ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்குத்தான் போக வேண்டும். பயணக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் ஸ்கூபாவும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் அடங்காது.

மாஸ்க்கைக் கழற்றும் பாடம்

பாடம், நீச்சல்குளம், கடல் என்று மூன்று பகுதியாகப் படிப்பு நடக்கும். பாடத்தை இப்போது செல்போனிலேயே படித்துவிடலாம். பி.ஏ.டி.ஐ. ஓப்பன் வாட்டரில் ஐந்து பிரிவு, கடைசியில் 50 கேள்விகள் கொண்ட தேர்வு, 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பெரும்பாலும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கும், ஆனால் கடினமான ஆங்கிலம் அல்ல. தமிழில் விளக்கக்கூடிய பயிற்றுநர் வேண்டுமென்றால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அந்தமானில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஐந்து பிரிவையும் முடித்துவிட்டால், தீவில் ஒரு முழு நாள் மிச்சம்.

நீச்சல் தேர்வும் உண்டு. நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், எந்த பாணியானாலும் சரி, நேர வரம்பு இல்லை. அப்புறம் 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். ஊர்க் கிணற்றிலும் வாய்க்காலிலும் பழகியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. நீச்சலே தெரியாதவர்கள் முதலில் ஊரில் நீச்சல் கற்றுக்கொண்டு பிறகு வாருங்கள். விடுமுறையில் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது.

குளத்துப் பயிற்சியை, ஹேவ்லாக்கில் பல கடைகள் அலையில்லாத ஆழம் குறைந்த கடலிலேயே நடத்துகின்றன. அதில் எல்லாரும் பயப்படுவது மாஸ்க் பாடத்துக்குத்தான். மண்டியிட்டு உட்காரச் சொல்வார்கள். முதலில் மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். பிறகு மேல் விளிம்பை நெற்றியோடு விரலால் அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் நீளமாக மூச்சு விட வேண்டும். மூக்கிலிருந்து வரும் காற்று மேலே நிறைந்து, தண்ணீரைக் கீழ்விளிம்பு வழியாகத் தள்ளிவிடும். அடுத்த கட்டத்தில் மாஸ்க் முழுக்கத் தண்ணீர். அதற்கடுத்து மாஸ்க்கை மொத்தமாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் ரெகுலேட்டரில் மூச்சு விட வேண்டும். உப்புத் தண்ணீர் மூக்கைத் தொடும். அந்தக் கணத்தில் உடம்பு ‘மேலே ஓடு’ என்று கத்தும். மேலே ஓடவும் கூடாது, மூக்கால் இழுக்கவும் கூடாது. வாயால் இழுத்து வாயாலேயே விட வேண்டும். மூன்று நான்கு மூச்சு போனதும் நெஞ்சின் படபடப்பு அடங்குவது நன்றாகத் தெரியும். கண்ணைத் திறந்தால் மங்கலான பச்சை, பயிற்றுநரின் கை உங்கள் தோளில்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பல விபத்துகளுக்கும் முதல் படி பதற்றம். கடலில் யாராவது துடுப்புக்காலால் தவறி உதைத்தால் மாஸ்க் கழன்றுவிடும். அதில் ஆபத்து இல்லை, அதற்குப் பயந்து 15 மீட்டரிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதில்தான் ஆபத்து. மாஸ்க் பாடம் அந்தப் பாய்ச்சலைத் தடுக்கும் பாடம். இதை ஒரே ஒருமுறை தட்டுத்தடுமாறிச் செய்துவிட்டு, பயிற்றுநர் தலையாட்டியதும் அப்பாடா என்று அடுத்ததற்குப் போகாதீர்கள். ‘இன்னொரு தடவை செய்யலாமா’ என்று கேளுங்கள். சலிப்பு வருகிற அளவுக்குச் செய்தால்தான் அது உங்களுடையதாகும். நாட்களைச் சுருக்கும் கடைகளில் முதலில் காணாமல்போவது இந்த ‘இன்னொரு தடவை’தான்.

வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவிவிட்டால் வலதுகையை வளைத்து வீசி அதைத் திரும்ப எடுப்பது, காற்று தீர்ந்துவிட்டால் கூட்டாளியின் உபரிக் குழாயில் மூச்சு வாங்கியபடி இருவரும் சேர்ந்து ஏறுவது, கால் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, களைத்தவரை இழுத்துவருவது என்று மீதிப் பயிற்சிகள் வரிசையாக வரும். இறங்குவதற்கு முன் கூட்டாளியின் ஜாக்கெட், எடைப்பட்டை, கொக்கிகள், காற்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் அதில் உண்டு. சைகைகளில் ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். கட்டைவிரலை உயர்த்துவது நம் ஊரில் ‘சூப்பர்’. நீருக்கடியில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள். எல்லாம் நலம் என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். ஆமையைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தினால் பயிற்றுநர் உங்களை மேலே கூட்டிப்போய்விடுவார்.

மிதப்பு

என்னைக் கேட்டால், இந்தப் படிப்பில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே கலை இதுதான் என்பேன். மற்றவை பாதுகாப்பு, இது கலை.

நாம் அணியும் ஜாக்கெட்டுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. அதை பி.சி.டி. என்பார்கள். பொத்தானை அழுத்தினால் காற்று ஏறும், இன்னொன்றை அழுத்தினால் இறங்கும். இடுப்பில் ஈயக்கட்டி. இரண்டுக்கும் நடுவே, மூழ்கவும் செய்யாமல் மிதக்கவும் செய்யாமல் நிற்கும் ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளிக்கு வந்த பிறகு ஜாக்கெட்டைத் தொடவே வேண்டாம், நுரையீரலே போதும். மூச்சை ஆழமாக இழுத்தால் ஒன்றிரண்டு விநாடி கழித்து உடல் மெல்ல எழும்பும். விட்டால் மெல்ல இறங்கும். அந்த ஒன்றிரண்டு விநாடி தாமதம்தான் புதியவர்களைக் குழப்பும். இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று ஜாக்கெட்டில் காற்றை ஏற்றுவார்கள், அப்புறம் இரண்டும் சேர்ந்து தூக்கும். ஏற ஏற ஜாக்கெட்டில் இருக்கும் காற்றும் விரிவதால் வேகம் கூடிக்கொண்டே போகும். அதனால் பொத்தானைச் சின்னத் தட்டாகத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பயிற்றுநர்கள் கையைக் கீழ்நோக்கி ஆட்டி ‘மெதுவா, மெதுவா’ என்று காட்டிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

மிதப்பு கைவந்தால் காற்றுச் செலவு குறையும், காது ஒத்துழைக்கும், களைப்பும் இருக்காது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மிதப்பு வராதவர் பவளத்தின் மேல் விழுவார், அல்லது விழாமல் இருக்க அதைப் பிடித்துக்கொள்வார். பவளம் கல் அல்ல, கூட்டமாக வாழும் உயிர்கள் கட்டிய கூடு. பல வகைகள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். அந்தமான் பவளத்திட்டுகள் 2010-இலும் 2016-இலும் கடல் சூடானதால் வெளுத்துப் பெரும் சேதம் கண்டவை. தப்பிப் பிழைத்ததை நம் துடுப்புக்கால் உடைக்கக் கூடாது. இந்தியச் சட்டப்படி பவளம் பாதுகாக்கப்பட்ட உயிர், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பட்டியலில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

ஹேவ்லாக்கில் நாட்கள் எப்படிப் போகும்

தீவின் அதிகாரப்பூர்வப் பெயர் 2018 முதல் சுவராஜ் த்வீப். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். பழைய பெயர்கள்தான் இன்னமும் எல்லார் வாயிலும். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அங்கிருந்து படகில் சுமார் இரண்டு மணி நேரம். நவம்பரிலிருந்து மே தொடக்கம் வரை கடல் பொதுவாக அமைதி. தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் அலையும் கலங்கலும் அதிகம், படகுகளும் ரத்தாகும். தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனாலும் நீர் உடல்சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உறிஞ்சும் என்பதால் மெல்லிய ரப்பர் உடை தருவார்கள்.

பாடத்தை வீட்டில் முடித்தவருக்கு முதல் நாள் முழுக்க ஆழம் குறைந்த நீரில் போகும். சிலருக்கு இரண்டாம் நாள் காலையும் அதற்கே வேண்டும். பிறகு கடலில் நான்கு டைவ், குறைந்தது இரண்டு நாளில் பிரித்து. முதல் இரண்டும் 12 மீட்டருக்குள், அடுத்த இரண்டும் 18 வரை. கரையிலிருந்தே நடந்து இறங்கும் நீமோ ரீஃப், படகில் போகும் லைட்ஹவுஸ், அக்வேரியம் போன்றவை தொடக்கக்காரர்களுக்கு உகந்த இடங்கள். டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று இணையத்தில் எல்லாரும் புகழும் இடங்கள் ஆழமானவை, நீரோட்டமும் இருக்கும். அவற்றுக்கு அனுபவம் கூடிய பிறகு போகலாம், இப்போதே ஏங்க வேண்டாம். லைட்ஹவுஸிலேயே பார்க்க அவ்வளவு இருக்கிறது: கடல்சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீன், பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன்களின் ‘கறக் கறக்’ சத்தம், பாறை நிழலில் செட்டை விரித்து நிற்கும் சிங்கமீன்.

பயணத் திட்டத்தில் பலரும் கோட்டைவிடுவது கடைசி நாளில்தான். டைவ் முடித்ததும் விமானம் ஏறக் கூடாது. உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழாகலாம். பல நாள் டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை. 24 மணி நேரம் விடுவதே நல்லது. ஆக, டைவ் இல்லாத ஒரு முழு நாள் கடைசியில் வேண்டும். அன்றைக்கு ராதாநகர் கடற்கரையில் உட்காருங்கள், அல்லது போர்ட் பிளேர் திரும்பி செல்லுலார் சிறையைப் பாருங்கள். படிப்பைத் தீவுக்கு வந்ததும் முதல் காரியமாகத் தொடங்கினால் இந்த நாள் தானாகவே கிடைக்கும். முதலில் சுற்றிவிட்டுக் கடைசியில் டைவ் என்று வைத்தவர்கள், கடல் ஒருநாள் கொந்தளித்தாலே பாதிப் படிப்போடு திரும்ப வேண்டியிருக்கும்.

அப்படி ஆனாலும் முயற்சி வீண் இல்லை. பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் முடித்ததற்கு ‘ரெஃபரல்’ என்ற சான்று தருவார்கள். 12 மாதத்துக்குள் வேறு ஊரில் கடல் டைவுகளை முடித்து அட்டை வாங்கலாம். சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் இருப்பவர்கள் திட்டமிட்டே இப்படிச் செய்வதுண்டு. வார இறுதியில் ஊரில் குளம், விடுமுறையில் தீவில் கடல் மட்டும். குறைந்த விடுப்பில் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

கிளம்பும் முன்

மருத்துவக் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை, சர்க்கரை, கர்ப்பம் எல்லாம் கேட்டிருக்கும். ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவரின் கையெழுத்து வேண்டும். இதைக் கடையில் போய்த்தான் பார்ப்போம் என்று விடாதீர்கள், தீவில் டாக்டரைத் தேடி அலைய நேரும். முன்பே அந்தப் படிவத்தை வாங்கி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசி நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடிப்பவர்கள் உண்டு. அது கடையை ஏமாற்றுவது மட்டும் அல்ல, கூட வரும் கூட்டாளியின் உயிரோடும் விளையாடுவது. கர்ப்பிணிகள் டைவ் செய்யவே கூடாது. மாதவிடாய் தடை இல்லை. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் பல கடைகளில் உண்டு, எண்ணை முன்பே சொல்லி வையுங்கள்.

ஓப்பன் வாட்டர் படிப்புக்கு ஹேவ்லாக்கில் முப்பதாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம் ஆகும். கருவி வாடகை, பாடக் கட்டணம், அட்டைக் கட்டணம் எல்லாம் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாயிரம் குறைவு என்பதற்காகக் கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதற்குப் பதிலாகச் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு பயிற்றுநரிடம் எத்தனை பேர்? கடலில் எட்டுப் பேர் வரை விதி அனுமதிக்கிறது. நான்குக்கு மேல் என்றால் நான் வேறு கடை பார்ப்பேன். படகில் அவசர ஆக்ஸிஜன் இருக்கிறதா? எனக்கு ஒரு பயிற்சி வரவில்லை என்றால் கூடுதல் நேரம் தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்தக் கடையைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

அட்டைக்குக் காலாவதி கிடையாது. ஆனால் உடம்பு மறந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டவரை ஒரு மறுபயிற்சிக்குப் பிறகே பல கடைகள் படகில் ஏற்றும். அதனால் முடிந்தால் படிப்போடு ஒரு நாள் கூட்டி, அதே பயிற்றுநரோடு இரண்டு சாதாரண டைவ் போங்கள். தேர்வு கிடையாது, மண்டியிட்டு மாஸ்க் கழற்றுவது கிடையாது. கற்றதெல்லாம் தானாக வேலை செய்யத் தொடங்குவது அப்போதுதான். ஒவ்வொரு டைவின் ஆழம், நேரம், எத்தனை கிலோ ஈயம் கட்டினீர்கள், எவ்வளவு காற்று மிஞ்சியது என்று லாக் புத்தகத்தில் அன்றைக்கே எழுதிப் பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த வருடம் மாலத்தீவிலோ தாய்லாந்திலோ எவ்வளவு எடை வேண்டும் என்று கேட்பார்கள். அப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் சொல்வீர்கள்.